பெரும்பான்மையின் செங்கோல்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரத்தைப் பேச வந்தோர் பெரும்பாலும் இரண்டு இடங்களிலே தங்கிவிடுவர். ஒன்று 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம். மற்றொன்று 1861ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போர். வாஷிங்ரனுக்கும் லிங்கனுக்கும் இடையிலே கிடக்கும் காலத்தை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஆயினும், குடியாட்சி என்று இன்று உலகம் எதனைச் சொல்லுகின்றதோ, அதன் உறுப்புக்களிற் பல அந்த இடைக்காலத்திலேதான் உருப்பெற்றன. நாடளாவிய கட்சிகள், கட்சி மாநாடு, ஊர்தோறும் பிரசாரக் கூட்டம், நிலமில்லாதவனும் இடும் வாக்கு என்பன யாவும் அக்காலத்தில் வளர்ந்தவையே. ஆதலால் 1800ஆம் ஆண்டு முதலாக ஏறக்குறைய 1840 வரையுள்ள காலப்பகுதியை இன்று ஆராய எடுத்துக்கொள்வோம்.

ஆராயும்போது ஒரு வினாவைக் கைவிளக்காகக் கொண்டு செல்வோம். அரசனிடமிருந்து அதிகாரத்தைப் பறித்து மக்கள் கையிற் கொடுத்தாயிற்று. அம்மக்களிற் பெரும்பாலோர் ஒன்றுகூடிச் சிறுபாலோர்க்கு அநீதி செய்யத் துணிந்தால், அவர்களைத் தடுப்பது யாது?

அமெரிக்க நாட்டை நிறுவிய பெரியோர் மன்னராட்சியை வெறுத்தவர்கள். எனினும், ஏழை மக்களின் ஆட்சியை அவர்கள் விரும்பினார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1787ஆம் ஆண்டில் அவர்கள் வகுத்த அரசியல் யாப்பு, யாருக்கு வாக்குரிமை என்பதை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ பிற சொத்தோ உடையவன், அல்லது வரி செலுத்துபவன் மாத்திரமே வாக்களிக்கலாம் என்பது விதி. சொத்தில்லாதவன் பிறர் தயவில் வாழ்பவன். அவனுடைய வாக்கை முதலாளி விலைக்கு வாங்கிவிடுவான் என்பது அக்காலத்து அறிஞர் சொன்ன நியாயம். ஜனாதிபதியையோ மக்கள் நேராகத் தெரிந்தெடுப்பதில்லை. தேர்வாளர் சிலர் கூடித் தெரிந்தனர். அத்தேர்வாளரையும் பல மாநிலங்களில் சட்டசபைகளே நியமித்தன.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தோமஸ் ஜெபர்சனும் அவர் கட்சியைச் சேர்ந்த ஆரன் பேரும் சம வாக்குப் பெற்றனர். பிரதிநிதிகள் சபை முப்பத்தாறு முறை வாக்கெடுத்த பின்னரே 1801ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜெபர்சன் ஜனாதிபதியாகத் தெரிவானார். அத்தேர்தலிலே தோற்ற ஜோன் அடம்ஸ் படையைத் திரட்டவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். ஆளும் கட்சி தேர்தலில் தோற்று, எதிர்க் கட்சியிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

இனி, நாட்டின் பொருள் நிலையைச் சற்று நோக்குவோம். 1803ஆம் ஆண்டிலே ஜெபர்சன் லூசியானா என்னும் பெருநிலப் பரப்பை நெப்போலியனிடமிருந்து ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கினார். நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டித்தது. 1790இல் முப்பத்தொன்பது இலட்சமாக இருந்த சனத்தொகை, 1840இல் ஒரு கோடியே எழுபது இலட்சமாயிற்று. 1807இல் றொபேட் புல்ரன் என்பார் ஹட்சன் நதியிலே நியூயோர்க்கிலிருந்து ஒல்பனிக்கு நீராவிப் படகை ஓட்டிக் காட்டினார். 1817இல் தொடங்கி 1825இல் முற்றுப்பெற்ற ஈரிக் கால்வாய் 363 மைல் நீளமுடையது. அதனை வெட்டுவித்தது நியூயோர்க் மாநில அரசாங்கம். முன்னின்று முயன்றவர் அதன் ஆளுநர் டீ விற் கிளின்ரன். மேற்கே பபலோவிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஒரு தொன் பொருளைக் கொண்டுவர முன்னர் நூறு டொலர் வரையிற் செலவாயிற்று. கால்வாய் வந்தபின் அது பத்து டொலருக்கும் கீழே இறங்கிற்று. தன் வீட்டுக்கும் அயலுக்குமென விளைவித்த கமக்காரன், கண்ணாற் காணாத சந்தைக்கு விளைவிக்கத் தொடங்கினான். சந்தையில் விலை ஏறினால் அவன் நிமிர்ந்தான். விழுந்தால் அவனும் விழுந்தான். 1819ஆம் ஆண்டு நெருக்கடியில் வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டபோது, எண்ணிறந்த குடும்பங்கள் காணியையும் வீட்டையும் இழந்தன. தன் வாழ்வு எங்கோ உள்ள வங்கியாலும் சட்டசபையாலும் ஆட்டப்படுகின்றது என்பதை எளியவன் அப்பொழுது உணர்ந்தான். உணர்ந்தவன் வாக்குரிமை கேட்டான்.

தெற்கிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1793இல் ஈலை விற்னி பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் பொறியை அமைத்தார். இங்கிலாந்தின் நெசவாலைகளோ பருத்திக்கு வாய் திறந்து நின்றன. ஆதலால் பருத்திப் பயிர் மேற்கு நோக்கிப் பரவிற்று. அதனோடு அடிமை முறையும் பரவிற்று. 1808ஆம் ஆண்டு தொடக்கம் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டும் என்ன பயன்? 1790இல் ஏறக்குறைய ஏழு இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1830இல் இருபது இலட்சத்தை எட்டிற்று. தாயை ஒரு மாநிலத்துக்கும் பிள்ளையை இன்னொரு மாநிலத்துக்கும் விற்கும் உள்நாட்டு வாணிகம் தழைத்தது. வடக்கிலே மசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரில், அப்பருத்தியை நூற்று நெய்யும் ஆலைகள் எழுந்தன. கமக்காரக் குடும்பத்து இளம்பெண்கள் அங்கே வேலைக்குச் சென்றனர். கூலியைக் குறைத்தபோது 1834இலும், விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1836இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வடக்கின் ஆலையும் தெற்கின் தோட்டமும் ஒரே நூலாற் கட்டுண்டு கிடந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பொருளாதார மாற்றத்தின் நடுவே வாக்குரிமை விரிந்தது. இந்தியானா, இலினோய், அலபாமா முதலிய புதிய மாநிலங்கள் 1816க்கும் 1819க்கும் இடையில் ஐக்கியத்திற் சேர்ந்தபோதே சொத்துத் தகுதியை விட்டுவிட்டன. 1812இல் இங்கிலாந்தோடு மூண்ட போரிலே உயிரைக் கொடுக்கத் தகுதியுள்ளவன் வாக்கைக் கொடுக்கத் தகுதியற்றவனோ என்ற கேள்வி எங்கும் எழுந்தது. கொனெற்றிக்கற் 1818இலும், நியூயோர்க்கும் மசசூசெற்சும் 1821ஐ ஒட்டியும் பழைய விதிகளைத் தளர்த்தின. றோட் ஐலண்ட் பிடிவாதமாக இருந்தது. அங்கே 1842இல் தோமஸ் டோர் என்பவரின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்த பின்னரே வழி பிறந்தது.

இது வரையிற் கேட்ட கதை உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால், நியூயோர்க்கில் 1821ஆம் ஆண்டு கூடிய யாப்பு மாநாட்டைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம். ஜேம்ஸ் கென்ற் என்னும் பெரும் சட்ட அறிஞர், நிலமுடையோரின் பாதுகாப்புக்காக மேற்சபைத் தேர்தலிலேனும் சொத்துத் தகுதி இருக்கட்டும் என்று வாதாடினார். மாநாடு அதனை ஏற்கவில்லை. வெள்ளையருக்கு இருந்த நிலத் தகுதியை அது நீக்கிற்று. அதே மாநாடு, கறுப்பினத்தவன் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டொலர் பெறுமதியான நிலம் அவனுக்கு இருத்தல் வேண்டும் என்று விதித்தது. ஒரு கையாற் கதவைத் திறந்தவர்கள் மறுகையால் அதனைச் சாத்தினார்கள். நியூஜேர்சியில் சொத்துடைய பெண்களும் சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவரும் 1776 முதல் வாக்களித்து வந்தனர். 1807ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விருவரையும் விலக்கிற்று. பென்சில்வேனியா 1838ஆம் ஆண்டு யாப்பிலே வாக்காளர் என்ற சொல்லுக்கு முன் 'வெள்ளையர்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. அன்றியும், மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்துக்கு மூன்று பங்கைச் சேர்த்து எண்ணும் விதி யாப்பிலேயே இருந்தது. ஆகவே, வாக்கில்லாத அடிமையின் தலை அவனுடைய எசமானின் பலத்தையே பெருக்கிற்று. சொத்து வேலி விழுந்த இடத்தில் நிறவேலி எழுந்தது.

இந்தப் புதிய வாக்காளரின் நாயகராக எழுந்தவர் அன்றூ ஜக்சன். இளமையிலே தாய் தந்தையரை இழந்து, தம் முயற்சியால் உயர்ந்து, 1815இல் நியூ ஒர்லியன்ஸ் போரில் ஆங்கிலேயரை முறியடித்துப் புகழடைந்தவர். 1824ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். ஜக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கும், ஜோன் குவின்சி அடம்சுக்கு 84உம் கிடைத்தன. எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாமையால் தெரிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. ஹென்றி கிளே துணை நிற்க, அடம்ஸ் ஜனாதிபதியானார். பின்னர் அடம்ஸ் கிளேயைத் தம் வெளிநாட்டு அமைச்சராக்கினார். பேரம் நடந்துவிட்டது என்று ஜக்சன் கட்சியார் நாடெங்கும் முழங்கினர். 1824இல் மூன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே வாக்களித்திருந்தனர். 1828இல் வாக்களித்தோர் பதினொரு இலட்சத்துக்கும் மேலாயினர். இருபத்துநான்கு மாநிலங்களில் இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றிலும் தேர்வாளரை மக்களே தெரிந்தனர். ஜக்சன் பெருவெற்றி பெற்றார். அவர் பதவியேற்ற நாளில் ஜனாதிபதி மாளிகைக்குள் சேற்றுக் காலோடு சனங்கள் நுழைந்ததைக் கண்டு செல்வர் முகஞ் சுளித்தனர்.

ஜக்சன் செய்த பெரும் போராட்டம் வங்கியோடு. 1816இல் இருபது ஆண்டு உரிமை பெற்ற ஐக்கிய நாட்டு வங்கி பிலடெல்பியாவில் இருந்தது. அதன் மூலதனம் மூன்றரைக் கோடி டொலர், ஐந்தில் ஒரு பங்கு அரசாங்கத்தினுடையது, மிகுதி தனியாருடையது. நாட்டின் பொதுப்பணம் அங்கேதான் வைக்கப்பட்டது. அதன் தலைவர் நிக்கொலஸ் பிடில் மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவரல்லர். 1832ஆம் ஆண்டு யூலை மாதத்தில், உரிமையைப் புதுப்பிக்கும் மசோதாவை ஜக்சன் தடுத்தார். சட்டம் செல்வர்க்கு மேலும் செல்வம் சேர்க்கும் கருவியாகலாகாது என்பது அவர் கொண்ட கட்சி. அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் அவர் பக்கமே நின்றனர். பின்னர் அவர் பொதுப்பணத்தை மாநில வங்கிகளுக்கு மாற்றினார். பிடில் கடன்களை இறுக்கி நாட்டை நெருக்கினார். இச்செயலாலே, தனியார் கையில் அளவுக்கு மீறிய பலம் இருந்தது என்று ஜக்சன் சொன்னதைப் பிடில் தாமே மெய்ப்பித்தார் எனலாம்.

எனினும், பெரிய வங்கியை வீழ்த்தியவர்களுக்கு அதன் இடத்தில் எதனை வைப்பது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மாநில வங்கிகள் காசுத்தாள்களை அச்சிட்டுத் தள்ளின. காணி விலை வீங்கிற்று. 1836இல் அரசாங்கக் காணிக்குப் பொன்னும் வெள்ளியுமே தரவேண்டும் என்று கட்டளை பிறந்தது. இங்கிலாந்திலும் கடன் இறுகிற்று. பருத்தி விலை சரிந்தது. 1837 மே மாதத்தில் நியூயோர்க் வங்கிகள் காசுத்தாளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. தொடர்ந்த மந்தம் பல ஆண்டுகள் நீடித்தது. அதிகம் துன்புற்றவர்கள் ஜக்சன் காக்க நினைத்த எளியவர்களே. நல்ல நோக்கம் நல்ல நிருவாகத்துக்கு ஈடாகாது என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, எமது நெஞ்சை மிக வருத்தும் பகுதிக்கு வருவோம். ஜோர்ஜியாவையும் அயல் மாநிலங்களையும் சார்ந்த மலைநாட்டிலே செரோக்கியர் என்னும் பூர்வீக மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் செக்குவோயா என்பவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராயிருந்தும், தம் மொழிக்கு எழுத்தை ஆக்கி 1821இல் நிறைவேற்றினார். 1827இல் அம்மக்கள் எழுதப்பட்ட அரசியல் யாப்பு ஒன்றை ஏற்றனர். 1828இல் தம் மொழியில் பத்திரிகை வெளியிட்டனர். எழுத்து, யாப்பு, பத்திரிகை என்று நாகரிக மக்களுக்குரியவையாக வெள்ளையர் சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் செய்து முடித்தனர். ஆனால் அவர்களிடம் நிலம் இருந்தது. பின்னர் அதிலே பொன்னும் காணப்பட்டது. அந்த நிலத்தை விரும்பியவர்களுக்கு வாக்கு இருந்தது.

1830 மே மாதத்தில் பூர்வீக மக்களை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அகற்றும் சட்டத்தில் ஜக்சன் கையொப்பமிட்டார். பிரதிநிதிகள் சபையில் அது 102க்கு 97 என்ற வாக்கில் நிறைவேறியது. ஐந்து வாக்கே வித்தியாசம். ஜக்சனின் சொந்த மாநிலமாகிய ரெனசியிலிருந்து வந்த டேவி குரொக்கற், எல்லைப்புறத்து வேட்டைக்காரர், எதிர்த்து வாக்களித்தார். அடுத்த தேர்தலில் தம் இடத்தை இழந்தார்.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்தவராகிய எமக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகின்றது. 1816இல் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அமெரிக்க மிசனை அனுப்பியது பொஸ்ரன் நகரத்துச் சபையொன்று. அதே சபை செரோக்கியரிடமும் போதகர்களை அனுப்பியிருந்தது. அவர்களுள் ஒருவர் சாமுவேல் வூஸ்ரர். தன் அனுமதியின்றிச் செரோக்கிய நாட்டில் வெள்ளையர் தங்கலாகாது என்று ஜோர்ஜியா சட்டம் செய்தது, அவர் பணியவில்லை. 1831இல் நான்காண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டார். எமது முன்னோர் அந்த மிசனாரின் மதப் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர்கள். ஆயினும், நீதிக்காகச் சிறை சென்ற ஒருவரைப் போற்றுவதற்குச் சமயம் தடையாகாது. 1832 மார்ச்சு மாதத்தில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், செரோக்கியர் நாட்டில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜோர்ஜியா தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. ஜனாதிபதியும் அதனை வற்புறுத்தவில்லை. மார்ஷலைப் பழித்து ஜக்சன் சொன்னதாக வழங்கும் வாசகத்துக்கு நல்ல சான்றில்லை. ஆனால் அவர் செய்யாது விட்டதற்குச் சரித்திரமே சான்று. 1833 சனவரியில் வூஸ்ரர் விடுதலையானார், செரோக்கியருக்கோ விடிவில்லை. 1835இல் சிறு குழுவினர் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அதனை மறுத்துத் தலைவர் ஜோன் றொஸ் அளித்த விண்ணப்பத்திலே பதினையாயிரம் பெயருக்கு மேல் இருந்தன. எனினும் செனற் சபை உடன்படிக்கையை ஏற்றது. 1838இல் படைவீரர் வந்து மக்களை வீடுகளிலிருந்து இறக்கினர். ஏறக்குறைய பதினாறாயிரம் பேரில், முகாமிலும் வழியிலும் நாலாயிரம் பேர் வரையில் இறந்தனர் என்று கணக்கிடுவர். அவர்கள் நடந்த பாதையைக் கண்ணீர்ப் பாதை என்று இன்றும் அழைக்கின்றனர்.

இக்கொடுமையைச் செய்தவன் கொடுங்கோல் மன்னன் அல்லன். சட்டப்படி தெரிவுசெய்யப்பட்ட சபை, சட்டப்படி வாக்கெடுத்து, சட்டப்படி ஒப்பமிட்ட ஜனாதிபதியோடு சேர்ந்து செய்தது. திருக்குறளிலே செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்துள்ளன. கோல் ஒன்றே, பிடிக்கும் முறையிலேதான் வேறுபாடு. வள்ளுவர் அரசனுக்குச் சொன்னவை, கோல் பெரும்பான்மையோர் கைக்கு மாறிய பின் அவர்களுக்கும் உரியனவாகும்.

அப்படியாயின் தடுப்பது யாது என்ற எமது வினாவுக்கு விடை என்ன? யாப்பு இருந்தது, நீதிமன்றமும் இருந்தது, இரண்டும் அன்று போதவில்லை. ஆயினும் வேறொரு சக்தி மெல்ல எழுந்தது. ஜக்சனிடம் தோற்ற ஜோன் குவின்சி அடம்ஸ், முன்னாள் ஜனாதிபதி என்ற பெருமையைப் பாராட்டாது, 1831 முதல் பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பங்கள் சபைக்குக் குவிந்தன. அவற்றிற் பலவற்றுக்கு வீடு வீடாகச் சென்று ஒப்பம் வாங்கியவர்கள் வாக்குரிமை இல்லாத பெண்கள். அவ்விண்ணப்பங்களைப் படிக்காமலே ஒதுக்கிவிடவேண்டும் என்று 1836இல் சபையின் பெரும்பான்மை ஒரு விதியை நிறைவேற்றியது. அடம்ஸ் எட்டாண்டுகள் அதனோடு போராடினார். அடிமைகளின் பெயரால் வந்த விண்ணப்பத்தையும் ஏற்கலாமோ என்று கேட்டு, கண்டனத் தீர்மானத்துக்கும் முகங்கொடுத்தார். 1844 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. வாக்கில்லாதவன் குரல் கேட்கப்படவேண்டும் என்பதற்காக, தமக்கு வாக்கிட இயலாத மக்களுக்காக, ஒரு முதியவர் எட்டாண்டு நின்றார். அடிமைக்கு அன்று விடுதலை வந்துவிடவில்லை. ஆனால் அவனைப் பற்றிப் பேசுவதற்கிருந்த பூட்டுத் திறந்தது.

அதன் பின்னும் வழி நெடியது. நிறம் காரணமாக வாக்கை மறுக்கலாகாது என்ற திருத்தம் 1870இலும், பெண்களுக்கு வாக்குரிமை 1920இலும், பூர்வீக மக்கள் யாவருக்கும் குடியுரிமை 1924இலும் வந்தன. 1870இல் எழுதியது நடைமுறைக்கு வர 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது.

1831இல் பிரான்சிலிருந்து தொக்வில் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் அமெரிக்காவுக்கு வந்தார். ஒன்பது மாதம் சுற்றினார். மெம்பிஸ் நகரில், குளிர்காலத்தில், சொக்ரோ என்னும் பூர்வீக மக்கள் நோயாளரையும் குழந்தைகளையும் சுமந்து மிசிசிப்பியைக் கடப்பதை நேரிற் கண்டார். 1835இலும் 1840இலும் வெளிவந்த அவருடைய நூல் பெரும்பான்மையின் கொடுமையைப் பற்றி எச்சரிக்கின்றது. அதற்கு மருந்தாக அவர் கண்டவற்றுள் ஒன்று சங்கங்கள். சிறிய சங்கமொன்றிலே மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும், தோற்றாலும் பிரியாது நிற்கவும் பழகியவர்களே நாட்டையும் நன்கு ஆளுவர் என்பது அதன் சாரம்.

அன்பர்களே, எமது சங்கமும் அத்தகைய பயிற்சிக்கூடமே. இங்கே ஒரு தீர்மானம் பத்துக்கு மூன்று என்று நிறைவேறும்போது, அந்த மூவர் சொன்னதையும் கூட்டக் குறிப்பிலே எழுதுகின்றோமா? கூட்டத்துக்கு வரமுடியாதவரையும், பேசத் துணியாதவரையும் நினைத்து வாக்களிக்கின்றோமா? கையுயர்த்தி எண்ணுதல் எளிது. எண்ணிக்கையில் வராதவரை எண்ணிப் பார்த்தலே அரிது. அப்பழக்கம் எம்மிடையே வளருமாயின், பெரும்பான்மையின் கோல் என்றும் செங்கோலாகவே நிற்கும்.